பிற, குறிப்பிடுக

ஒரு படிவத்துக்கு நூற்றியிருபது ரூபாய்.
பெற்றோல் என்னுடையது.
பதினான்காம் கேள்வி:
உங்கள் தொழிலில் சூழலைப் பேணுவது எதனால்?
செலவைக் குறைக்க. சட்டத்துக்காக.
வாடிக்கையாளர் கேட்பதால். அக்கறையால்.
பிற, குறிப்பிடுக.
குறிப்பிட விட்டிருந்த கோடு
ஒரு நெருப்புக்குச்சி நீளம்.

சுன்னாகத்தில் பாலகோபியின் கராஜ்.
நிலத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.
கழிவெண்ணெய் நீலப் பரலில்,
பரலுக்குக் கீழே தகரத் தட்டு,
தட்டுக்குக் கீழே மரத்தூள்.
வேலைக்கு நின்ற பெடியன் கையை உதறினான்,
ஒரு துளி விழுந்தது,
எல்லா ஸ்பானர்களும் நின்றன.

"அக்கறையோ?" என்றேன்
நாலாம் பெட்டியில் பேனையை வைத்தபடி.
"அக்கறையுமில்லை அக்கரையுமில்லை.
ஒருநாள் தேத்தண்ணி வைச்சம்.
எண்ணெய் மணக்குதெண்டு அப்பா
கோப்பையை வைச்சிட்டு
என்ர கையைப் பிடிச்சு மணந்து பாத்தார்.
நான் மூண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினன்.
பிறகுதான் தெரியும், கிணறு எண்டு."
சொல்லிவிட்டுத்
தன் விரல்களை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனார்.
அது பழக்கமாகிவிட்டது போல.

"கிணறு" என்று மட்டும் எழுதினேன்.

ஐந்து சந்தியில் நிஸ்தாருக்குப் பழைய இரும்பு.
வளைந்த ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தியபடியே
பதில் சொன்னார்.
வெளியேறச் சொன்னபோது வயது பதினொன்று.
புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது
வீட்டில் கூரையுமில்லை, கதவுமில்லை.
எங்கோ ஒரு கடையில்
தன் வீட்டு யன்னல் கம்பியை
உம்மா முடிந்துவிட்ட பச்சை நூலோடு கண்டு
கிலோ விலைக்கு வாங்கினாராம்.
அன்றைக்குத் தொடங்கிய வியாபாரம்.
"குப்பையெண்டு ஒண்டுமில்லை தங்கச்சி,
தூக்க ஏலாததுதான் இருக்கு."

சூரிச்சில் பத்தொன்பது வருடம் கோப்பை கழுவிய
எட்வின் அண்ணையின் வடைக்கடையில் நாலு நிற வாளி.
ட்ரக்டர் வந்து
நாலையும் ஒன்றாய்க் கொட்டிக்கொண்டு போகும்.
அவர் வாளிகளைக் கழுவி
மறுபடி நிறம் பார்த்து அடுக்குவார்.
ஏன் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அலுவலகத்தில் சொன்னார்கள்:
பிற கூடிப்போச்சு.
இனி ஆரையெண்டாலும் நாலுக்குள்ள போடுங்கோ.

கடைசியாய்ப் பலாலி வீதி, பவளராணியின் கூல் பார்.
பட்டப்பகல். பதினாறு மின்குமிழ்.
இரண்டு குளிர்ப்பெட்டி,
ஒன்றுக்குள் ஒன்றுமில்லை, உறுமிக்கொண்டிருந்தது.
இல்லை, இல்லை, இல்லை என்று
கேட்காமலே கீறிக்கொண்டு வந்தேன்.
பதினான்கை மாற்றிக் கேட்டேன்:
பிறகேன் இப்படி?

"ஜாம் போத்தில் விளக்கில படிச்சனான்.
கணக்குச் சோதினைக்கு முதல்நாள் ராத்திரி
மண்ணெண்ணெய் முடிஞ்சுது.
கணக்கு பெயில்.
இப்ப மாசம் மாசம் கறண்ட் பில்லைக் கூட்டிப் பாக்கிறன்,
ஒரு பிழையும் வாறேல்லை."
சிரித்தார். குளிர்ப்பெட்டி உறுமியது.

எங்கள் வீட்டிலும் அதே விளக்கு.
அரை இஞ்சித் திரி, அதே ஜாம் போத்தில்.
நான் கணக்கில் பாஸ்.
யார் எழுந்து போனாலும் பின்னால் போய்
விளக்கணைக்கிறேன் என்று
வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் உண்டு.

"தங்கச்சி" என்றார் பவளராணி.
பார்த்தேன்,
என் கை அவருடைய சுவிச்சில் இருந்தது.
எப்போது எழுந்தேன் தெரியாது.

அவர் கோபிக்கவில்லை.
ஒரு ஐஸ்கிறீம் வைத்தார்,
காசு வேண்டாமென்றார்.
பதினாறு மின்குமிழுக்கும் கீழே இருந்து சாப்பிட்டேன்.
பிளாஸ்டிக் கரண்டியை நக்கித் துடைத்து
படிவங்களுக்குள் சொருகியபோது
அவர் வேறெங்கோ பார்த்தார்.

படிவம் நாற்பத்தொன்று, கேள்வி பதினான்கு
இன்னும் நிரப்பவில்லை.